கம்பளிப்பூச்சியின் கழுத்து

என் கையால் பின்னிய எதுவும் வளையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பளி நூல் பஞ்சுபோல இருக்கும், கன்னத்தில் வைத்தால் தூக்கம் வரும் என்றெல்லாம் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். என் கைக்கு வந்தால் அது தகரமாகிவிடும். தங்கச்சிக்கு ஆசையாக ஒரு ஜோடி கையுறை பின்னிக் கொடுத்தேன். விரல் நுழையவில்லை. இப்போது அடுப்பிலிருந்து இறக்கும் சட்டிக்கு அடியில் வைக்கிறாள். "ரொம்ப உபயோகமா இருக்குண்ணா" என்கிறாள். பாராட்டா, பழிப்பா என்று நான் ஆராய்வதில்லை. ஆராய்ந்தால் யாருக்கு நஷ்டம்?

மழலைப் பள்ளிக்கூடத்து ஜன்னலில் தொங்கவிட நட்சத்திரம் பின்னிக் கொடுத்தேன், விடுமுறை அலங்காரத்துக்கு. டீச்சர் கையில் வாங்கி, தட்டிப் பார்த்து, "அழகா இருக்கு சார், ஆனா குழந்தைங்க தலைக்கு மேல வேண்டாமே" என்று சொல்லி, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அடியில் அதைச் செருகிவிட்டார். கதவு அதற்கப்புறம் அசையவே இல்லை.

குற்றம் என்னுடையதல்ல, தொழிலுடையது. நான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எனக்குக் கிடைத்த ஒரே உபதேசம்: இறுக்கு. போல்ட்டை இறுக்கு, நட்டை இறுக்கு, இறுக்கியதை மறுபடி இறுக்கிப் பார். மாடிக்கும் மாடிக்கும் நடுவே ஒரு குடும்பமே தொங்கும்போது 'கொஞ்சம் தளர்வா இருக்கட்டும், காத்து வரும்' என்று நினைக்க முடியுமா? அந்தக் கையிலேயே பின்னல் ஊசியையும் பிடித்தால் நூல் பாவம் என்ன செய்யும்?

ஊசியைப் பிடித்ததே சிகரெட்டை விட்டதால்தான். சிகரெட்டை விட்டது மிளகால்.

மிளகு என் தங்கச்சி மகள். நாலு வயது. ஆள் சின்னது, காரம் பெரிது. வேறு பெயரெல்லாம் பள்ளிக்கூடத்துப் பதிவுக்கு மட்டும். அவள் அப்பா கப்பலில் வேலை செய்கிறார். வருஷத்தில் பாதி தண்ணீரில், மீதியில் பாதி தூக்கத்தில். அதனால் அம்மாவும் மகளும் என்னோடு இருக்கிறார்கள். ஒருநாள் மிளகு என் மடியில் ஏறி, இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, நீ எரிஞ்சு போயிட்டியா?" என்று கேட்டாள். டாக்டர் ஐந்து வருஷமாகச் சொல்லியும் ஏறாத மண்டையில் அது ஏறியது. ஆனால் கை சும்மா இருக்குமா? நகத்தைக் கடித்தது, மேஜையைத் தட்டியது. கடைசியில் அதற்கு ஊசியும் நூலும் வாங்கிக் கொடுத்தேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லிஃப்ட் வேலையில் பாதி நேரம் காத்திருப்புத்தான். மேலே ஓட்டிப் பார், கீழே ஓட்டிப் பார், சத்தம் கேள், மறுபடி ஓட்டு. அந்த நேரத்தில் பின்னுவேன்.

தங்கச்சி நர்ஸ். விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். ஆகவே வீட்டில் காலை நேரம் முழுக்க என் இலாகா. எழுப்புவது, பல் தேய்த்துவிடுவது, சட்டை மாட்டுவது, ஷூவை இடம் வலம் மாறாமல் போடுவது, வேனில் ஏற்றுவது. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, நாளிலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான். மிளகு தூக்கக் கலக்கத்தில் என் தோளில் முழு எடையையும் சாய்த்து, கண்ணைத் திறக்காமலே ஒவ்வொரு காலாக நீட்டுவாள். உலகத்தில் வேறு யாரும் என்னை நம்பி அவ்வளவு தைரியமாகச் சாய்ந்ததில்லை.

ஆண்டு இறுதி விடுமுறை தொடங்குவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் சின்னக் கொண்டாட்டம். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஜீவராசியாக வேடம் போட்டு வரவேண்டும். வீட்டிலேயே செய்த உடுப்பாக இருந்தால் நல்லது என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

"என்னவா போறே? சிங்கமா?" என்று கேட்டேன்.

"கம்பளிப்பூச்சி."

"முயல்? முயல் நல்லா இருக்குமே. வெள்ளை நூல் வீட்டுலயே இருக்கு."

"கம்பளிப்பூச்சி மாமா."

"அது ஊர்ந்தா உடம்பெல்லாம் அரிக்குமே, யாரு கிட்ட வருவா?"

மிளகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாரும் பட்டாம்பூச்சி மாமா. எல்லாருமே. அதுக்கு முன்னாடி யாராவது கம்பளிப்பூச்சியா இருக்கணும்ல?"

 

உட்கார்ந்தேன். பச்சை நூல் எடுத்தேன். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே குழாய். நடு நடுவே மஞ்சள் வளையம். இரண்டு பக்கமும் பஞ்சடைத்த குட்டிக் கால்கள். மேலே காது வரைக்கும் ஏறும் உயரமான கழுத்து. கம்பளியால் கம்பளிப்பூச்சி செய்வதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

என் கூட வேலை செய்பவனை எல்லாரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் போன வழியைக் கதவின் கைப்பிடி சொல்லிவிடும். லிஃப்டின் மோட்டார் அறையில் நான் பின்னிக்கொண்டிருக்க, எட்டிப் பார்த்து ஒரு காலை விரலால் அழுத்தினான். விரல் திரும்பி வந்தது.

"மச்சான், பின்னுறியா, வெல்டிங் வைக்கிறியா?"

"கையை எடுடா. பச்சைப் பூச்சி கறுப்புப் பூச்சியாயிடும்."

"இதைப் போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு மாடியிலிருந்து குதிச்சாலும் அடிபடாது. பாதுகாப்புச் சான்றிதழே தரலாம்."

பேசட்டும். எனக்கு அப்போது கர்வம் தலைக்கேறியிருந்தது. கடைசி வரிசைக்கு வந்தேன். பின்னல் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: எல்லாம் முடிந்தபின் ஊசியில் நிற்கும் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஒவ்வொன்றாக மூடவேண்டும். ஒரு கண்ணியை இன்னொன்றின் மேல் தூக்கிப் போட்டு, அடுத்ததை அதன் மேல் தூக்கிப் போட்டு, விளிம்பு பிரியாமல் முடிக்க வேண்டும். அங்கேதான் கையைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் துணி எவ்வளவு இழுபட்டாலும் விளிம்பு இழுபடாது. நானோ, இது கழுத்து, முக்கியமான இடம், அவிழ்ந்தால் மானம் போகும் என்று நினைத்து, ஒவ்வொரு கண்ணியையும் ஸ்பேனர் போட்ட மாதிரி இழுத்து இழுத்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுப் பார்த்தோம். தங்கச்சி அபூர்வமாக வந்த ஒரு இரவு வேலை முடிந்து வந்து உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மிளகு கையைத் தூக்கினாள். குழாயை மேலிருந்து இறக்கினேன். வயிறு வந்தது, மார்பு வந்தது, கை இரண்டும் ஓட்டையில் புகுந்தன. தலை வரவில்லை. கழுத்தின் விளிம்பு நெற்றியில் உட்கார்ந்துகொண்டது. உச்சி மயிர் மட்டும் வெளியே செடிபோல நின்றது.

இப்போது யோசித்தால் செய்யவேண்டியது எல்லாம் தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இழுத்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தேன். விளிம்பு காதில் மாட்டியது. உள்ளே இருந்து முதலில் ஒரு சத்தமும் வரவில்லை. அப்புறம் வந்தது. அந்தச் சத்தத்தில் தங்கச்சி தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளி, உடுப்பை மேலே தூக்கி ஒரே உருவாக உருவினாள். மிளகின் முகம் சிவந்து நனைந்திருந்தது. ஒரு காது அதைவிடச் சிவப்பு.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ரெண்டே செகண்ட்" என்றேன்.

மிளகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் என்னை அளந்து பார்த்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல எழுப்பினேன். சட்டையை எடுத்து நீட்டினேன். பின்னால் நகர்ந்தாள். தலை வழியாகப் போடும் எதுவும் வேண்டாமாம். சரி, பட்டன் வைத்த சட்டை எடுத்தேன். அதற்கும் என் கை வேண்டாமாம். தானே போட்டாள். மேல் ஓட்டையில் இரண்டாவது பட்டன், இரண்டாவதில் நாலாவது. ஒரு பக்கம் தொடையைத் தொட, மறுபக்கம் தொப்புளைக் காட்ட, நடந்து வந்து கதவருகே நின்றாள். "மாமா சரி பண்றேன்" என்று ஒரு எட்டு வைத்தேன். "வேண்டாம்" என்றாள், ரொம்ப மரியாதையாக. லிஃப்டில் தெரியாத ஆள் 'எந்த மாடி?' என்று கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஷூ கால் மாறி, தலை சீவாமல், சட்டை சாய்ந்து வேனில் ஏறினாள். வேன்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் குடிகாரனாகி இருந்தேன். அதெல்லாம் போகட்டும். தோளில் அந்த எடை விழவில்லை. தூங்கி வழிந்தால்கூடச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டாள். சுவர்! என் தோளுக்குப் போட்டியாக ஒரு சுவர். அந்தப் பொறாமையை யாரிடம் சொல்ல?

தங்கச்சியிடம் சொன்னேன். அவள் நாளைக்கான சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தைதானே, மறந்துடும்னு பார்த்தா, மறக்க மாட்டேங்கிறாளே."

"அவ மறக்க வேண்டாண்ணா. நீ மறக்காம இருந்தாப் போதும்."

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல என்ன பண்ணுவே?"

"பேசுவோம். அதானே முதல் வேலை? நாங்க வந்துட்டோம், வெளியதான் நிக்கிறோம், பயப்படாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் கதவுல கையே வைப்போம்."

"ஊர்ல இருக்கறவன் மாட்டினா மணிக்கணக்காப் பேசுவே. நம்ம வீட்டுப் பிள்ளை மாட்டினா வாயைத் திறக்காம இழுப்பே. அவளுக்கு உள்ளே இருந்து என்ன தெரியும்? யார் இழுக்கறாங்கன்னு தெரியுமா, எதுக்குன்னு தெரியுமா?" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீ கெட்டவன்னு அவ நினைக்கல. கை வலுவான ஆளு, ஜாக்கிரதையா இருக்கணும்னு நினைக்கறா. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். கெட்டவன் என்றே நினைத்திருக்கலாம்.

கழுத்தைப் பிரித்தேன். முன்னதைவிடப் பெரிய ஊசி ஒன்று வாங்கிக் கண்ணிகளை மறுபடி மூடினேன், இந்தத் தடவை மூச்சை விட்டுவிட்டு, தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு. கிரீஸ் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா மச்சான்?" என்றான். மறுபடியும் பிரிக்கவேண்டி வரலாம் என்ற பயத்தில் நூலை வெட்டவில்லை. கடைசிக் கண்ணியை மிளகின் தலைக் கிளிப் ஒன்றால் கவ்விவிட்டு, நூல்கண்டு வாலாகத் தொங்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாலை நேரம். தங்கச்சி அன்று வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மிளகு தரையில் உட்கார்ந்து மர உருளைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தரை டைலில் நாலு கட்டம் தள்ளி உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் அதுதான் எனக்கு அனுமதித்த தூரம்.

"மிளகு, கழுத்தைப் பெருசாக்கிட்டேன். பாரேன், எவ்வளவு அகலம். யானைத் தலைகூடப் போகும்."

பார்த்தாள். உருளையைப் பார்த்தாள். மறுபடி கழுத்தைப் பார்த்தாள்.

"உன் தலை போகுமா?"

"ஓ, தாராளமா!"

"போட்டுக் காட்டு."

ஒரு நாலு வயதுக் குழந்தைக்கு அளவெடுத்துச் செய்த குழாய்க்குள் ஒரு நாற்பது வயது ஆள் நுழைய முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள லிஃப்ட் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பல நாளுக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்கிறாள். முடியாது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது புத்தி இல்லை. உடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஒரு கையை முன்னால் விட்டுக்கொண்டு, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், உள்ளே புகுந்தேன்.

தலை போயிற்று. கையும் தலையோடு போயிற்று. கழுத்து விளிம்பு என் நெற்றிக்கு வந்து நின்றது. மேலே போகவில்லை. சரி, தலையைக் கீழே வாங்கி வெளியே வரலாம் என்றால், மூக்குக் கண்ணாடியின் காம்பு ஏதோ ஒரு கண்ணியில் மாட்டிக்கொண்டது. அசைந்தால் காதை அறுக்கிறது. உள்ளே போன கை தலைக்குப் பக்கத்திலேயே நெட்டுக்குத்தாக நின்றது, வகுப்பில் பதில் தெரிந்த பையன் மாதிரி. என் மூச்சுக்காற்று என் முகத்துக்கே சூடாகத் திரும்பி வந்தது. வெளியே இருந்த கையால் துழாவினேன். உருளைகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது.

ஒரு கணம் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த கணம் இல்லை. எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் கதவு என்று தெரியவில்லை. யாராவது இப்போது என்னைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்து உடம்பு கூசியது. ரெண்டே செகண்ட் என்று சொன்னேனே, அந்த வாயை அங்கேயே நானே அடித்துக்கொண்டிருப்பேன், கை வசப்பட்டிருந்தால்.

போன் அடித்தது. மேஜையில் கிடந்தது. மிளகு எடுத்தாள்.

"கிரீஸ் மாமாவா? மாமா பேச முடியாது. மாட்டிக்கிட்டாரு."

போன் சத்தம் எனக்கும் கேட்டது. "எந்த மாடியில?" என்றான் கிரீஸ்.

"மாடியில இல்ல. கம்பளிப்பூச்சிக்குள்ள."

 அந்தப் பக்கம் ஒரு மனிதன் தரையில் உருண்டு சிரித்தால் வரும் ஓசை. பிறகு தொழில் நினைவுக்கு வந்து தொண்டையைச் செருமினான். "பாப்பா, நான் இப்ப ரொம்ப தூரத்துல இருக்கேன். நான் வர்ற வரைக்கும் மாமாகிட்ட பேசிக்கிட்டே இரு. பேசினா போதும், பயப்பட மாட்டாரு."

காலடி என் பக்கம் வந்தது. அருகே வந்து நின்றது. நாலு கட்டத் தூரம் இல்லை. மூச்சுச் சத்தம் கேட்கும் தூரம்.

"மாமா."

"ம்."

"பயமா இருக்கா?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். "கொஞ்சம்."

யோசித்தாள். "உள்ள என்ன கலரு?"

அப்போதுதான் கண்ணைத் திறந்தேன். இவ்வளவு நேரம் இறுக மூடியிருந்திருக்கிறேன். "பச்சையா இருக்கு" என்றேன்.

"பொய். கறுப்பா இருக்கும்."

"சத்தியமாப் பச்சை. சின்னச் சின்ன ஓட்டை நிறைய இருக்கு. எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் வருது. ஒரு பக்கம் மட்டும் மஞ்சளா இருக்கு. அது வளையம்."

"நான் தெரியறேனா?"

"துண்டு துண்டாத் தெரியறே. ஒரு ஓட்டையில கொஞ்சம் கன்னம். ஒரு ஓட்டையில பாதிக் கண்ணு."

ஓட்டை வழியாகப் பாதிக் கண் கிட்டே வந்தது. "இப்ப?"

"இப்ப முழுக் கண்ணு."

சிரித்தாள். கேட்டு எத்தனை நாளாயிற்று! குழாய்க்குள் இருந்ததும் ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. என் முகம் என்ன பாடுபட்டது என்று யாருக்கும் தெரியாது.

"மிளகு, என் நெத்திகிட்ட ஒரு கிளிப் இருக்கா? அதை எடு. இழுக்காதே, திறந்து எடு."

"இது என் கிளிப்பு! நீ எடுத்தியா?"

"திருட்டுக்கு அப்புறம் தண்டனை கொடு. இப்ப எடு. எடுத்துட்டியா? அங்க ஒரு நூல் தொங்கும். அதைப் பிடிச்சு மெதுவா இழு."

"உனக்கு வலிக்கும்."

"நூலை இழுத்தா வலிக்காது. என்னை இழுத்தாத்தான் வலிக்கும்."

ஒரு கண்ணி விட்டது. இன்னொன்று விட்டது. டுப், டுப், டுப் என்று நெற்றியைச் சுற்றி ஒவ்வொன்றாக அவிழ்வதை நான் உணர்ந்தேன். அவளோ ஒவ்வொரு கண்ணிக்கும், "விட்டுடுச்சு மாமா, இதுவும் விட்டுடுச்சு, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே என்னைச் சுற்றி நடந்தாள். விளிம்பு முழுக்க அவிழ்ந்ததும் கழுத்து வாயைத் திறந்தது. கண்ணாடியின் காம்பை மெல்ல விடுவித்துக்கொண்டு, நெற்றி, மூக்கு, தாடை என்று தவணை முறையில் வெளியே வந்தேன். மிளகு ருசி கண்டுவிட்டாள், நிறுத்தவில்லை. கழுத்தில் மூன்று வரிசை காலியான பிறகுதான், "போதும்டி தாயே" என்று நூலைப் பிடித்தேன்.

என்னை உற்றுப் பார்த்தாள். "காது செவப்பா இருக்கு."

"ம்."

"எனக்கும் இப்படித்தான் வலிச்சுது."

"தெரியும்."

"உனக்குத் தெரியாது" என்றாள் மிளகு. "இப்பத்தான் தெரியும்."

தலையை ஆட்டினேன். அவள் சொன்னது ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. "சொல்லாம இழுத்தேன்ல. தப்புதான்" என்றேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.  பிரிந்து கிடந்த நூலைச் சுருட்டி என் மடியில் வைத்தாள்.

கிரீஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து உருளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கையில் கருவிப் பெட்டியோடு வந்திருந்தான், உத்தமன்.

அவிழ்ந்த கழுத்தை என்ன செய்வது? மறுபடி மூடட்டுமா என்று மிளகிடமே கேட்டேன். மூடக் கூடாது என்றாள். மூடாமல் விட்டால் கண்ணியெல்லாம் ஓடிவிடும், உடுப்பே காணாமல் போகும் என்று விளக்கினேன். கடைசியில் ஒரு நீளமான மஞ்சள் கயிறு பின்னி, திறந்து நின்ற எல்லாக் கண்ணிகளிலும் கோத்தேன். இழுத்தால் கழுத்து சுருங்கும், விட்டால் விரியும். சுருக்குப் பை மாதிரி. யாரும் இழுத்துக் கழுத்தை நெரித்துவிடக் கூடாதே என்று, கழுத்தை அழுத்தும் அளவுக்குச் சுருங்காதபடி உள்ளே ஒரு முடிச்சும் போட்டேன்.

"கயிறு என் கையிலதான் இருக்கணும்" என்றாள் மிளகு. "உன் கையில இல்ல. அம்மா கையிலயும் இல்ல."

"எழுதிக் கொடுக்கணுமா?"

"வேண்டாம். சும்மா சொல்லு."

சொன்னேன்.

அன்றே உள்ளே போய்ப் பார்த்தாள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டுத் தானே போனாள். கயிற்றின் முனை விரலில் சுற்றியிருந்தது.  "ஆமா, பச்சைதான்" என்று ஒரு குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. அதற்கப்புறம் சாப்பிடக் கூப்பிட்டால்கூட வெளியே வர மறுத்தாள். ஆனால் காலையில் சட்டைப் பட்டன் மட்டும் இன்னும் அவள் இலாகாதான். நானும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று கை கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருந்தது.

கொண்டாட்ட நாளில் தங்கச்சிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான்தான் போனேன். பள்ளிக்கூடத்துக் கூடம் முழுக்கப் பட்டாம்பூச்சி. காகித இறக்கை, துணி இறக்கை, மின்னும் இறக்கை. ஒன்றின் இறக்கை இன்னொன்றின் கண்ணில் குத்தி ஒரே அழுகை. நடுவில் என் பச்சைக் குழாய், தலையில் இரண்டு கொம்பு வைத்த தொப்பியுடன், பஞ்சுக்கால்கள் விறைத்து நிற்க, அசையாமல் நின்றது. டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முறை வந்ததும் மிளகு நடுவே போனாள். கூடம் முழுக்கக் கண்கள். யாரோ ஒரு அப்பா, "ஐய, கம்பளிப்பூச்சி!" என்று சத்தமாகச் சிரித்தார்.

மிளகு தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள். கழுத்தை மேலே இழுத்து, தலையை உள்ளே வாங்கிக்கொண்டு, கயிற்றை இழுத்துச் சுருக்கிவிட்டாள். கூடத்தின் நடுவே ஒரு பச்சை மூட்டை.

"ஐயோ, மாட்டிக்கிச்சு!" என்று டீச்சர் ஓடினார். இரண்டு கைகளும் மூட்டையை நோக்கி நீண்டன.

அதற்குள் நான் பாய்ந்து குறுக்கே போய்விட்டேன். "தொடாதீங்க மேடம், தொடாதீங்க. மாட்டிக்கல. உள்ள இருக்கா."

"உள்ள இருக்கான்னா?"

"உள்ள இருக்கா, அவ்வளவுதான். வருவா."

டீச்சர் என்னையும் மூட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கதவுக்கு அடியில் கிடக்கும் நட்சத்திரத்தைப் பின்னிக் கொடுத்த குடும்பம், இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். நான் மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் சடசடத்தது.

"மிளகு, மாமாதான். வெளியதான் இருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல. ஒரு பட்டாம்பூச்சி மூக்கு ஒழுகிக்கிட்டு நிக்குது. இன்னொண்ணு தன் இறக்கையைத் தானே திங்குது. டீச்சர் நம்மளைத்தான் பார்க்கறாங்க. சிரிச்சாரே ஒருத்தர், அவர் சட்டையில ஒரு பட்டன் மாறிப் போட்டிருக்காரு. உன்னை மாதிரியே."

மூட்டை லேசாகக் குலுங்கியது. கயிறு தளர்ந்தது. முதலில் பறந்து நிற்கும் முடி, பிறகு நெற்றி, பிறகு கண். அந்தக் கண் நேராக அந்த அப்பாவின் சட்டைக்குப் போய், சரிபார்த்துவிட்டு, என்னிடம் திரும்பி வந்தது.

"நான் இப்ப ஊரணும்" என்றாள்.

"ஊரு."

"ஊர்றதுக்கு ரெண்டு கையும் வேணும்." விரலில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு முனையை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். "பிடிச்சுக்கோ. விடக் கூடாது. இழுக்கவும் கூடாது."

வயிற்றைத் தரையில் வைத்து, முதுகை வில்லாக வளைத்து, நிமிர்த்தி, பட்டாம்பூச்சிகளுக்கு நடுவே ஊர்ந்து போனாள். கயிறு அவ்வளவு நீளமில்லை. எழுந்து நடந்தால் இழுபடும், உட்கார்ந்திருந்தால் கையை விட்டுப் போகும். ஆகவே இத்தனை பெற்றோருக்கு முன்னால், தொந்தியும் கண்ணாடியுமாக, நானும் முழங்காலிட்டு அவள் பின்னாலேயே ஊர்ந்தேன். கயிறு எங்கள் இருவருக்கும் நடுவே தொய்வாகத் தொங்கிக்கொண்டு வந்தது.